பல் வைத்தியமும் கைராசியும்

பல் வைத்தியத்தைப் பற்றித் தலையங்கம் எழுதுவது சில தோழர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். "இது என்ன, அவ்வளவு பெரிய விஷயமா? பல் வலித்தால் போய்ப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டியதுதானே!" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அப்படிப் பல்லுக்கு வைத்தியம் செய்துகொள்ளப் போய், தம் காலால் நடந்து வீடு திரும்பி, பிறகு மூளைக்குக் கிருமி ஏறி மாண்டவர்களின் சங்கதி நம் நாட்டிலேயே, சமீப காலத்திலேயே நடந்திருக்கின்றது. அவர்கள் பல் வலியால் மாளவில்லை; சுத்தமில்லாத ஒரு பாட்டிலால் மாண்டார்கள். ஆகவே இதைப் பற்றிப் பேசுவது அவசியமென்றே கருதுகின்றோம்.

முதலாவதாக, நம் மக்கள் ஒரு பல் வைத்தியரை எப்படித் தேர்ந்தெடுக்கின்றார்கள் என்பதைக் கவனிப்போம். துணி வாங்குவதானால் நூலை இழுத்துப் பார்க்கின்றோம். மாடு வாங்குவதானால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கின்றோம். கத்திரிக்காய் வாங்குவதானால்கூட நாலு காயைப் புரட்டிச் சொத்தை இருக்கிறதா என்று பார்த்தே கூடையில் போடுகின்றோம். ஆனால், நமது வாய்க்குள் ஊசியும் கத்தியும் விடப்போகின்ற ஒரு மனிதரைப் பற்றி மாத்திரம், "அவர் நல்ல கைராசிக்காரர்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் அதுவே போதுமென்று போய் வாயைத் திறந்துவிடுகின்றோம். கத்திரிக்காய்ச் சொத்தைக்கு உள்ள விசாரணை பல் சொத்தைக்கு இல்லை!

கைராசி என்றால் என்ன என்பதைச் சற்று யோசிக்க வேண்டாமா? வலி தீர்ந்துபோன பத்துப்பேர் ஊர் முழுதும் பேசுகிறார்கள். தீராதவன் வேறு டாக்டரைத் தேடிப் போய்விடுகிறான். செத்தவன் பேசவே மாட்டான். நல்லது நடந்தால் டாக்டரின் கைராசி. கெட்டது நடந்தால் நோயாளியின் தலைவிதி! வரவை மாத்திரம் எழுதிப் பற்றை எழுதாத இந்தக் கணக்கை எந்த மளிகைக் கடைக்காரராவது ஒப்புக்கொள்வாரா? ஒப்புக்கொண்டால் அவர் கடை எத்தனை நாளைக்கு நிற்கும்? மளிகைக்கே உதவாத கணக்கு உயிருக்கு உதவுமா என்று கேட்கின்றோம்.

இனி மேலே சொன்ன சங்கதிக்கு வருவோம். 2022-ம் வருஷம் ஜூலை மாதத்துக்கும் 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்துக்கும் இடையில், வடதமிழகத்து நான்கு ஜில்லாக்களிலும் பக்கத்து ஆந்திர ஜில்லா ஒன்றிலுமாகச் சேர்ந்து 21 பேருக்கு ஒரு விபரீதமான வியாதி கண்டது. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகத்தில் வாதம் முதலிய குறிகள் தோன்றின. இது மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்னும் வியாதி. அது மூளையைத் தாக்கியிருந்தது. இந்த 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் வைத்திய நிலையத்துக்குப் போய் வந்தவர்கள் என்பது விசாரணையில் வெளியாயிற்று. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோனார்கள்.

எப்படி நடந்தது? வாயைக் கழுவி விடுவதற்காக வைத்திருந்த சலைன் என்னும் உப்புநீர்ப் பாட்டிலை, ஈறு அறுக்கும்போது உபயோகிக்கும் ஒரு கருவியாலேயே குத்தித் திறந்து, பிறகு பஞ்சை வைத்து லேசாக மூடி, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே உபயோகித்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிலின் நீரிலேயே அந்தக் கிருமி இருக்கக் கண்டார்கள். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாரும், இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தாரும், தமிழ்நாட்டுச் சுகாதார இலாகாவும் சேர்ந்து நடத்திய இந்த ஆராய்ச்சி 2025-ம் வருஷத்தில் லான்செட் குழுவைச் சேர்ந்த பத்திரிகையில் வெளியாயிற்று. ஒரு சலைன் பாட்டிலின் விலை ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டின் விலைகூடப் பெறாது. அதற்கு எட்டு உயிர்கள் விலையாகப் போயின!

இந்த எட்டுப் பேர் வீட்டிலும் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். "விதி முடிந்துவிட்டது" என்று ஒரு வீட்டில். "கெட்ட வேளை, சனி பிடித்தது" என்று ஒரு வீட்டில். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று ஒரு வீட்டில். எல்லோரும் இப்படியே அழுதுவிட்டுப் போயிருந்தால் அந்தப் பஞ்சடைத்த பாட்டில் இன்னும் எத்தனை பேரைக் கொன்றிருக்கும்? விதியைக் கேட்டவர்கள் ஒரு காரணத்தையும் கண்டுபிடிக்கவில்லை. "வியாதி வருவதற்கு முன் எங்கே போனீர்கள்? யார் கையில் வைத்தியம் செய்துகொண்டீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு, எழுதி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவர்களே கண்டுபிடித்தார்கள். கேள்விதான் அந்தப் பாட்டிலைப் பிடித்தது.

பல் விஷயத்தில் நம் அறியாமை இன்று நேற்று வந்ததல்ல. பல்லில் புழு இருந்துகொண்டு அரிக்கிறதென்று பாபிலோன் காலத்திலிருந்தே உலகம் நம்பி வந்தது. நம் நாட்டிலும் கண்டங்கத்திரி விதையைப் புகைத்து, தண்ணீரில் விழும் விதைத் துணுக்கைக் காட்டி, "இதோ உன் பல்லிலிருந்த புழு" என்று காசு வாங்கியவர்கள் சந்தைதோறும் இருந்தார்கள். 1728-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்துப் பியர் போஷார் என்னும் பல் வைத்தியர், தேடிப் பார்த்தும் புழுவைக் காணோமென்று புத்தகத்தில் எழுதினார். 1890-ம் வருஷத்தில் மில்லர் என்பவர், நாம் தின்னும் மாவும் சர்க்கரையும் வாயிலுள்ள கிருமிகளால் புளித்து அமிலமாகிப் பல்லைக் கரைக்கின்றது என்று எடுத்துக் காட்டினார். புழு போயிற்று, அதன் ஸ்தானத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமி வந்தது. கண்ணுக்குத் தெரியாத பேய்க்கும் இந்தக் கிருமிக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், கிருமியைக் கண்ணாடியில் பார்க்கலாம், எண்ணலாம், எத்தனை டிகிரிச் சூட்டில் சாகுமென்று கணக்கிடலாம்.

நிற்க, "டாக்டரைப் போய்க் கையைக் கழுவினாயா என்று கேட்பது மரியாதையா?" என்று சில கனவான்கள் சொல்லுகின்றார்கள். இதுவும் புதிய பேச்சல்ல. 1847-ம் வருஷத்தில் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மெல்வைஸ் என்னும் டாக்டர் இருந்தார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவ அறைக்குப் போவதால்தான் தாய்மார்கள் ஜுரம் கண்டு சாகிறார்களென்று கண்டு, குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டே உள்ளே போகவேண்டுமென்று உத்தரவு போட்டார். ஏப்ரல் மாதத்தில் 100-க்கு 18 பேர் செத்துக்கொண்டிருந்த அந்த வார்டில், ஜூன் மாதத்தில் 100-க்கு 2 பேர் என்ற அளவுக்குச் சாவு இறங்கிற்று. இதற்காக அவரைக் கொண்டாடினார்களா? பெரிய டாக்டர்களில் பலர், "எங்கள் கையா அசுத்தம்?" என்று கோபித்துக்கொண்டார்கள். ஆக, மரியாதை என்னும் பேரால் எத்தனை தாய்மார்கள் செத்தார்கள் என்பதை யோசித்துப் பார்த்தால், கேட்பது மரியாதைக் குறைவா, கேட்காமலிருப்பது மடமையா என்பது விளங்கும்.

இன்னும் சிலர், "நாங்கள் ரோட்டோரத்துப் பல் வைத்தியரிடம் போவதில்லை, சுவரில் பட்டம் மாட்டியிருப்பவரிடமே போகிறோம்" என்று திருப்தியடைகிறார்கள். படித்துப் பதிவு செய்துகொண்டவரிடமே போகவேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயமில்லை. 1948-ம் வருஷத்துப் பல் வைத்தியர் சட்டம் அதற்காகவே ஏற்பட்டது. ஆனால் சுவரில் தொங்கும் பட்டம் கருவியிலுள்ள கிருமியைக் கொல்லாது. மந்திரித்த தாயத்தை நம்புவதற்கும், மாட்டிய பட்டத்தை மாத்திரம் நம்புவதற்கும் அதிக தூரமில்லை. ஒருவர் என்ன படித்தார் என்பதோடு, படித்ததை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் விஷயத்திலும் செய்கின்றாரா என்பதே கேள்வி.

சரி, என்னதான் செய்யவேண்டும்? இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒருவர் வாயிலிருந்து எடுத்த கருவியை முதலில் தேய்த்துக் கழுவி, ரத்தமும் எச்சிலும் ஒட்டாமல் செய்யவேண்டும். அழுக்கின்மேல் சூடு வைத்தால் அழுக்குத்தான் வேகும். உள்ளே கிருமி பிழைத்துக்கொள்ளும். பிறகு அதை உலர்த்தி, உறையிலிட்டு, ஆட்டோகிளேவ் என்னும் நீராவிப் பெட்டியில் வைக்கவேண்டும். இந்தப் பெட்டி 1879-ம் வருஷத்தில் பாஸ்டர் அவர்களின் தோழராயிருந்த சாம்பர்லான் என்பவர் செய்தது. அழுத்தமான நீராவியில் 121 டிகிரிச் சூட்டில் 15 நிமிஷத்துக்குக் குறையாமல், அல்லது 134 டிகிரியில் 3 நிமிஷத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். உறையிலிட்டவைகளுக்கு அந்தந்தப் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறபடி அதிக நேரமும் ஆகலாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பது போதாது. 100 டிகிரியில் சாகாத வித்துக்களை உடைய கிருமிகள் உண்டு. மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைப்பதும் இதற்கு ஈடாகாது. மஞ்சள் காமாலை உண்டாக்கும் பி வகைக் கிருமி காய்ந்த ரத்தத்துளியில்கூட ஏழு நாட்கள் உயிரோடிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

பெட்டி வேலை செய்கின்றதா என்பதையும் நம்பிக்கைக்கு விடலாகாது. விளக்கு எரிந்தது, மணி அடித்தது என்பது அத்தாட்சியாகாது. உறைமேல் ஒட்டும் நாடாவின் நிறம் மாறுவது, சூடு பட்டது என்பதற்கு மாத்திரம் அடையாளம். சூட்டுக்கு எளிதில் சாகாத ஒருவகைக் கிருமியின் வித்தை வேண்டுமென்றே உள்ளே வைத்து, அது செத்ததா பிழைத்ததா என்று வாரம் ஒரு முறையாவது சோதித்து, தேதி போட்டு எழுதி வைப்பதே சரியான அத்தாட்சி.

பல்லைக் குடையும் சுழற்சிக் கருவி இன்னொரு விஷயம். அது நிற்கும்போது வாயிலுள்ள எச்சிலையும் ரத்தத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ளக்கூடியது. வெளியே மாத்திரம் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைத்தால், முன்னவர் எச்சிலைப் பின்னவருக்கு ஊட்டுவதாகும். அதற்குத் தண்ணீர் போகும் மெல்லிய குழாய்களின் உள்சுவரில் கிருமிகள் பாசிபோல் படிந்து வளரும். 2011-ம் வருஷத்தில் இத்தாலியில் 82 வயதுள்ள ஒரு அம்மையார் பல் நாற்காலியின் தண்ணீரிலிருந்த கிருமியாலேயே நுரையீரல் ஜுரம் கண்டு இறந்தார். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 2016-ம் வருஷத்தில் பல குழந்தைகளுக்குத் தாடையில் புரை வைத்ததும் இப்படிப்பட்ட தண்ணீரால்தான். சீமையிலும் நடக்கிறது என்பதை நாம் சொல்லுவதன் காரணம், இது ஏழை நாட்டின் தலையெழுத்தல்ல, கவனமின்மையின் பலன் என்று காட்டுவதற்கேயாகும்.

இவை கருவிகளைப் பற்றியது. மனிதனைப் பற்றிய கடமை இன்னும் பெரிது. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தவுடன் வாயைத் திறக்கச் சொல்லுவதற்கு முன், அவனைப் பேசச் சொல்லவேண்டும். சர்க்கரை வியாதி உண்டா? இருதயக் கோளாறு உண்டா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா? முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிற்றா? பெண்ணானால், கர்ப்பமா? இவைகளைக் கேட்டு எழுதாமல் ஊசியை எடுப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் குருட்டு வைத்தியரேயாவார். பிறகு, பல்லைக் காப்பாற்ற முடியுமா, பிடுங்கத்தான் வேண்டுமா, எதற்கு என்ன செலவு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவன் பாஷையில் சொல்லி, அவன் சம்மதித்த பிறகே கை வைக்கவேண்டும். நோயாளிக்கு விளங்கச் சொல்லிச் சம்மதம் பெறாமல் வைத்தியம் செய்யக்கூடாது என்று 2008-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேட்டி கட்டிய குடியானவனுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று நினைப்பது அகங்காரம். ஒரு பல்லுக்குப் பதில் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிடும் தவறுகூட உலகில் நடக்கின்றது. எடுக்கும் முன் ஒரு நிமிஷம் நின்று, எழுதியதையும் படத்தையும் பார்த்து, "இந்தப் பல்தானே?" என்று நோயாளியையே கேட்டுவிட்டால் என்ன நஷ்டம்?

பல்லை எடுத்தபின் பஞ்சைக் கடிக்கச் சொல்லிப் பணத்தை வாங்கி அனுப்பிவிடுவதோடு காரியம் முடியவில்லை. எவ்வளவு நேரம் கடிக்கவேண்டும், என்ன சாப்பிடலாம், எப்போது ரத்தம் வந்தால் பயப்படவேண்டும், ராத்திரியில் வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை எழுதிக் கொடுக்கவேண்டும். மறுநாள் விசாரிக்கவேண்டும். குறை சொல்ல வருகிறவனை விரோதியாகப் பாவிக்கலாகாது. அவன் கூலியில்லாமல் தணிக்கை செய்து தருபவன். அடைத்த சொத்தை எத்தனை விழுந்தது, எத்தனை பேர் வலியோடு திரும்பி வந்தார்கள் என்று மாதாமாதம் கணக்குப் பார்க்கின்ற வைத்தியரே நாளுக்கு நாள் தேறுவார். நமது கைராசிக் கணக்கில் விட்டுப்போன பற்றுப் பக்கம் இதுதான். அதோடு, கருவி கழுவும் பையனும் பெண்ணும்தான் ஒரு நிலையத்தின் சுத்தத்தைக் காப்பவர்கள். அவர்களுக்குச் சொற்பக் கூலி கொடுத்து, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல், காமாலைத் தடுப்பு ஊசியும் போடாமல் வைத்துக்கொண்டு, வாசலில் பளிங்குக் கல் பதிப்பது என்ன யோக்கியமென்று கேட்கின்றோம்.

"இதற்கெல்லாம் செலவாகும், ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் செய்ய முடியாது" என்று சிலர் சொல்லுகின்றார்கள். செலவாகும் என்பது மெய்தான். ஆனால் ஏழைக்குக் கொடுக்கும் சலுகை கட்டணத்தில் இருக்கலாமே ஒழிய, சுத்தத்தில் இருக்கலாமா? இலவச முகாமில் வரிசையில் நிற்பவன் வாயும், மோட்டாரில் வந்திறங்குபவன் வாயும் கிருமிக்கு ஒன்றுதான். பணக்காரனுக்குப் புதுப் பாட்டில், ஏழைக்குப் பஞ்சடைத்த பாட்டில் என்றால் அது தர்மமல்ல. அதைவிட முகாமே வேண்டாமென்பது நமது அபிப்பிராயம்.

சர்க்காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் வைத்திய நிலையங்களை ஒழுங்கு செய்யும் சட்டம் 1997-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அதற்கு விதிகள் வகுக்க 2018-ம் வருஷம் வரையில் ஆயிற்று. சட்டம் பிறந்து, விதி பிறக்க இருபது வருஷத்துக்கு மேல்! வாணியம்பாடிச் சங்கதி அந்த விதிகள் வந்த பிறகு நடந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். ஆகவே காகிதத்திலுள்ள விதி போதாது. சொல்லாமல் போய்ப் பார்ப்பதும், கிருமிச் சோதனைப் புத்தகத்தைக் கேட்பதும், பார்த்ததை ஜனங்கள் அறிய வெளியிடுவதும் வேண்டும். 1995-ம் வருஷத்திலேயே சுப்ரீம் கோர்ட்டு, பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென்று சொல்லிவிட்டது. ஆனால் கோர்ட்டு நஷ்டஈடுதான் வாங்கித் தரும், செத்தவனைத் தராது.

நல்ல பல் வைத்தியர்கள் நம் நாட்டில் ஏராளமாக இருக்கின்றார்கள். மேலே சொன்னவைகளை யாரும் கேட்காமலே தினமும் செய்து வருகின்றவர்களையும் நாம் அறிவோம். அவர்கள் நம்முடைய கேள்விக்குக் கோபிக்கமாட்டார்கள். அறையைத் திறந்து காட்டுவார்கள். கோபிக்கின்றவரிடம் நாம் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிடுவதே நலம்.

ஆதலால் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இவ்வளவுதான். அடுத்த முறை பல் வைத்தியரிடம் போகும்போது, கைராசியைக் கேட்காமல் நாலு கேள்வி கேளுங்கள். கருவியை என் முன்னால் உறை பிரிப்பீர்களா? பெட்டியைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? எனக்குப் புது ஊசியும் புதுப் பாட்டிலுமா? என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு ஆகும் என்று முதலில் சொல்லுவீர்களா? இந்த நாலையும் வீட்டிலுள்ள பெண்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டுக்காரரோடு கூடப் போய் அவருக்காக நீங்களே கேளுங்கள். "டாக்டர் தெய்வம் மாதிரி" என்று சொல்லுவதை விட்டுவிடுங்கள். தெய்வத்தைக் கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை. டாக்டர் நம்மைப் போன்ற மனிதர், பதில் சொல்லக்கூடியவர், சொல்லக் கடமைப்பட்டவர். அந்த எட்டுப் பேரில் ஒருவராவது, "ஐயா, இந்தப் பாட்டிலை எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்டிருந்தால், ஒருவேளை எட்டுப் பேருமே இன்று உயிரோடிருந்திருப்பார்கள். கேட்காதது அவர்கள் குற்றமல்ல. கேட்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாம் சொல்லிவிட்டோம்.